குழிக்குள் ஓர் அகராதி

பாலராமபுரத்துத் தறிக்குழியிலிருந்து கவடியார் கோல்ஃப் குழி வரை, தொழிற்சொற்களைத் தேடி ஒரு பயணம்

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் போட்டியின் கடைசிச் சுற்று. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் பதக்கத்துக்கு ஒரே ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அதுவரை கோல்ஃப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத வீடுகளில் அன்று காலை தொலைக்காட்சிகள் விழித்துக்கொண்டன. ஆனால் வர்ணனையாளர் பேசியது யாருக்கும் பிடிபடவில்லை. பேர்டி என்கிறார், போகி என்கிறார், பார் என்கிறார். "15 அண்டர்" என்றால் நல்லதா, கெட்டதா? அதிதி கடைசியில் நான்காம் இடத்தில் முடித்தார். அன்று மாலை நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியதும் காலைச் செய்தி பின்னுக்குப் போனது. கேள்விகள் மட்டும் பதில் இல்லாமல் நின்றுவிட்டன.

பதில் சொல்வது அத்தனை கடினமல்ல. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மொழி உண்டு. தொழிலுக்குள் இருப்பவனுக்கு அது கைப்பழக்கம். வெளியே நிற்பவனுக்குப் புதிர். அந்தப் புதிரை அவிழ்க்க ஸ்காட்லாந்துவரை போகவேண்டியதில்லை. களியக்காவிளையில் தமிழக எல்லையைத் தாண்டி, திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கே போனாலே போதும். வழியில் பாலராமபுரம் இருக்கிறது. அங்கே குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து வேலை செய்பவர்களின் மொழி. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கவடியார். அங்கே குழிக்குள் பந்தைத் தள்ளுபவர்களின் மொழி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொற்கள் எப்படிப் பிறக்கின்றன, எப்படிப் பிழைக்கின்றன என்பது தெளிவாகும்.

எல்லைச் சாலை

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. அவற்றை ஒட்டிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அரசாணை தாலுகாவைப் பிரித்தது. சொற்களைப் பிரிக்க முடியவில்லை. பாறசாலைச் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விலை பேசுகிறவர் எந்த மாநிலத்துக்காரர் என்று காதால் கேட்டு மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரே வாக்கியம் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடியும். பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறதே தவிர, வாழைத்தோப்பும் ரப்பர் மரமும் ஓட்டு வீடும் மாறுவதில்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டினால் பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயர் தாங்கிய ஊர். அவரது திவான் உம்மிணித் தம்பி இங்கே ஒரு வணிக ஊரை எழுப்ப நினைத்தபோது, தெற்கே தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினார் என்பது ஊரின் வரலாறு. அரண்மனைக்கு மெல்லிய துணி வேண்டியிருந்தது. நெசவாளிகள் தறியோடு வந்தார்கள். தறிச் சொற்களோடும் வந்தார்கள்.

அந்தச் சொற்கள் இன்னும் இருக்கின்றன. நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடு. ஊடு நூலைச் சுமந்துகொண்டு பக்கத்துக்குப் பக்கம் போய்வருவது ஓடம். ஆற்றில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போகும் படகின் பெயரே அதற்கும் வைக்கப்பட்டிருக்கிறது. நெய்த இழையை நெருக்கி அடிக்க அச்சு. பாவு நூலை மேலும் கீழுமாகப் பிரிக்க விழுது. காலால் அழுத்த மிதி. இதில் பாதி மலையாள அகராதியிலும் உண்டு, தமிழ் அகராதியிலும் உண்டு. தறியின் பெயர் குழித்தறி. தரையில் குழி வெட்டி, மிதியைக் குழிக்குள் வைத்து, விளிம்பில் நெசவாளி உட்காருவார். குழிக்கு ஒரு காரணம் உண்டு. மண்ணின் ஈரம் மேலே ஏறி மெல்லிய நூல் அறாமல் காக்கிறது. 80, 100 நம்பர் நூலில் நெய்பவர்களுக்கு அந்த ஈரம் உயிர்நாடி.

அதிகாலையில் தெரு முழுக்கப் பாவை நீட்டி, கஞ்சிப்பசை தடவி, தூரிகை போட்டு நீவுவது இந்த ஊரின் பழைய காட்சி. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஒருவர் கை தளர்ந்தால் பாவு முழுவதும் தொய்யும். அதனால் தெருவே சேர்ந்து செய்யும் வேலை அது.

எல்லையில் ஒரே சொல்லுக்கு இரண்டு முகம் வருவதற்கும் இங்கே உதாரணம் இருக்கிறது. புதுத்துணியை இரு மொழியும் கோடி என்றே சொல்லும. மலையாளியின் காதில் கோடி என்றதும் ஓணம் ஒலிக்கும். ஓணக்கோடி இல்லாமல் திருவோணம் இல்லை. தமிழ் வீட்டில் கோடி என்றதும் சிலருக்குச் சாவு வீடும் நினைவுக்கு வரும்; உறவினர் கோடி போடுவது அங்கே ஒரு சடங்கு. சொல் ஒன்றுதான். அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. கோல்ஃப் சொற்களுக்குள் நுழையும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கவடியார் பச்சை

பாலராமபுரத்திலிருந்து பள்ளிச்சல், நேமம், கரமனை வழியாக நகருக்குள் நுழைந்து, வடகிழக்கே ஏறினால் கவடியார். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் அரண்மனை இருக்கும் பகுதி. அரசர் காலத்திலேயே இங்கே வந்துவிட்ட கோல்ஃப் மைதானம் 9 குழிகள் கொண்டது. முழு ஆட்டத்துக்கு 18 குழி வேண்டும். எனவே 9 குழி மைதானங்களில் ஒரே சுற்றை இரண்டு முறை ஆடுவார்கள்.

ஏன் 18? புனிதக் கணக்கு ஏதுமில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஆரம்பத்தில் ஒரு சுற்றுக்கு 22 குழி. 1764இல் சில குட்டையான குழிகளை ஒன்றாக்கியதில் 18 ஆனது. அந்த ஊர் பெரிய ஊர் என்பதால் மற்றவர்களும் நாளடைவில் அதையே பின்பற்றினார்கள். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்று 1891இல் விதியானது.

கோல்ஃப் என்ற சொல்லைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை என்னும் பொருள் தரும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே கோல்ஃப் ஆயின என்பார்கள். அது வெறும் கட்டுக்கதை. தடி அல்லது கதை என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லோடு உறவுடைய ஸ்காட்டியச் சொல் அது என்பதே அறிஞர் கருத்து. 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் தடை செய்து சட்டம் போட்டது. இளைஞர்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போய்விடுகிறார்கள் என்பது அரசின் கவலை. இந்தச் சொல்லின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று அதைத் தடை செய்த சட்டம்தான்.

இனி மைதானத்தில் நடந்துபோகலாம்.

முதலில் டீ. நம் ஊர் டீக்கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும், பந்தைத் தூக்கி நிறுத்தும் சிறு முளைக்கும் இதுவே பெயர். ஒரு காலத்தில் ஈரமணலைப் பிடித்துச் சின்னக் குவியல் செய்து அதன்மேல் பந்தை வைப்பார்கள். 1899இல் மரத்தாலான ஒரு டீக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர், ஹார்வர்டில் கற்பித்தவர். அவர் அதை விற்றுப் பணம் சேர்க்க முயலவில்லை.

அடுத்தது ஃபேர்வே. புல்லைச் சீராக வெட்டி வைத்த நடுப்பாதை. இது கடலிலிருந்து வந்த சொல். பாறையோ மணல் திட்டோ இல்லாமல் கப்பல் நிம்மதியாகச் செல்லக்கூடிய நீர்வழிக்கு அந்தப் பெயர். மைதானத்திலும் அதே பொருள்தான். இதை விட்டு விலகினால் ரஃப். புல் உயர்ந்து வளர்ந்த கரடான பகுதி. பந்து அங்கே போனால் தேட 3 நிமிடம் மட்டுமே அனுமதி. 2019க்கு முன்பு 5 நிமிடம்.

பங்கர் என்றால் மணற்குழி. போர்ச் செய்திகளில் பதுங்குகுழி என்று மொழிபெயர்த்துப் பழகிய கைக்கு இந்த இடத்தில் தடுமாற்றம் வரும். பழைய ஸ்காட்டிய வழக்கில் அது உட்காரும் பெட்டி, பெஞ்சு. பிறகுதான் மணல் பள்ளத்துக்கு ஆகிவந்தது. கடலோர மணல் மேடுகளில் விளையாடியபோது இயற்கையாகவே பள்ளங்கள் குறுக்கே வந்தன. மைதானம் உள்நாட்டுக்கு நகர்ந்தபோது பள்ளங்களைச் செயற்கையாக வெட்டி வைத்தார்கள். கடலோர மைதானத்தை மட்டும் லிங்க்ஸ் என்பார்கள். மேட்டு நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது. பயிர் விளையாத, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணல் பூமி. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்வதென்றால் தேரி. செம்மணல் தேரியை மனதில் நினைத்து அதன்மேல் கொஞ்சம் புல்லையும் குளிர்காற்றையும் சேர்த்துக்கொண்டால் லிங்க்ஸ் வந்துவிடும்.

கடைசியில் கிரீன். குழியைச் சுற்றி, கம்பளம்போல மட்டமாக வெட்டிய புல்தரை. முன்பெல்லாம் மைதானம் முழுவதற்கும் இதுவே பெயர். மைதானத்தைப் பராமரிப்பவரை இன்றும் கிரீன்கீப்பர் என்று சொல்வது அதனால்தான். கிரீன்மேல் பந்தைத் தட்டி உருட்டுவது பட். அதற்கான தடி பட்டர், வெண்ணெய் இல்லை.

அடிக்கும்போது பந்து வலக்கைக்காரருக்கு வலப்புறம் வளைந்து போனால் ஸ்லைஸ், இடப்புறம் வளைந்தால் ஹுக். குழிக்குப் போகும் பாதையே நடுவில் முறிந்து திரும்பினால் டாக்லெக், அதாவது நாயின் பின்னங்கால் வளைவு. அடியோடு பெயர்ந்துவரும் புல்கட்டி டிவட். ஸ்காட்லாந்தில் கூரை வேயப் பெயர்த்தெடுத்த புல்மண் கட்டியின் பெயர் இது. அதை எடுத்த இடத்தில் திரும்ப வைப்பது ஆட்டக்காரரின் கடமை. பந்து யார் தலையையாவது நோக்கிப் போனால் "ஃபோர்" என்று கத்த வேண்டும். கிரிக்கெட் பழகிய நமக்கு அது பவுண்டரி, கைதட்டத் தோன்றும். இங்கே தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

பறவைக் கணக்கு

அதிதி அசோக்கின் "15 அண்டர்" புதிரை இப்போது அவிழ்க்கலாம். ஒவ்வொரு குழிக்கும், ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் பார். தூரத்தைப் பொறுத்து 3, 4 அல்லது 5. கிரீன்மேல் இரண்டு தட்டு என்பது அதற்குள் அடக்கம். சமம் என்னும் பொருள் தரும் லத்தீன் சொல் அது. பங்குச் சந்தையில் ஒரு பங்கின் முகமதிப்பைப் பார் என்பார்கள். அங்கிருந்துதான் 1870 வாக்கில் கோல்ஃபுக்கு வந்தது.

டோக்கியோ போட்டி நடந்த கசுமிகசெகி மைதானத்தின் பார் 71. நான்கு சுற்றுக்கு 284. அதிதி எடுத்துக்கொண்டது 269 அடி. ஆகவே 15 குறைவு. தங்கம் வென்ற அமெரிக்காவின் நெல்லி கோர்டா 17 குறைவு. ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 16 குறைவில் சமநிலையில் நின்று, தனி ஆட்டத்தில் வெள்ளியையும் வெண்கலத்தையும் பிரித்துக்கொண்டார்கள். நான்கு நாள், 72 குழி, 269 அடி. இவற்றில் ஒரே ஓர் அடி குறைந்திருந்தால் அதிதியும் அந்தத் தனி ஆட்டத்தில் இருந்திருப்பார். மற்ற விளையாட்டுகளில் எண் கூடினால் மகிழ்ச்சி. இங்கே சிக்கனக்காரனுக்கே வெற்றி.

பாரைவிட ஓர் அடி குறைந்தால் பேர்டி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கொச்சையில், அருமையான எதையும் பறவை என்பார்கள். அட்லாண்டிக் சிட்டியில் ஒருவர் அடித்த நல்ல அடியை அப்படிப் பாராட்டப்போய்ச் சொல் நிலைத்தது என்று அந்த ஊர் கிளப் உரிமை கொண்டாடுகிறது. ஒரு பறவை வந்துவிட்டால் மற்றவை தாமாக வரும். இரண்டு அடி குறைந்தால் ஈகிள், கழுகு. மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ், பெருங்கடல் பறவை. காண்பதே அரிது என்பதால். 1935இல் அகஸ்டா மாஸ்டர்ஸ் போட்டியில் ஜீன் சாரசன் அடித்த ஆல்பட்ராஸ் இன்றும் பேசப்படுகிறது. முதல் அடியிலேயே பந்து குழிக்குள் போனால் ஹோல் இன் ஒன். டென்னிஸ் ரசிகர்களுக்கு ஏஸ் என்றாலும் புரியும்.

ஓர் அடி கூடினால் போகி. தமிழனுக்கு ஏற்கெனவே இரண்டு போகி தெரியும். ஒன்று பொங்கலுக்கு முந்தின நாள், இன்னொன்று ரயில்பெட்டி. இது மூன்றாவது. 1890 வாக்கில் இங்கிலாந்தில், குழிக்கு இத்தனை அடி என்று ஒரு கற்பனை எதிராளியை வைத்து ஆடும் பழக்கம் வந்தது. அப்போது பிரபலமாக இருந்த பூச்சாண்டிப் பாட்டு ஒன்றின் நினைவில், கண்ணுக்குத் தெரியாத அந்த எதிராளிக்குப் போகி என்று பெயர் வைத்தார்கள். பிறகு ராணுவக் கிளப்புகள் அவருக்குக் கர்னல் பதவியும் கொடுத்தன. ஆரம்பத்தில் போகி நல்ல ஆட்டத்தின் அளவு. ஆட்டமும் கருவிகளும் முன்னேறிப் பார் என்னும் அளவு கறாரானதும், போகி ஒரு படி தாழ்ந்து குறையின் பெயரானது. கர்னலுக்கு நேர்ந்த பதவியிறக்கம் அது.

எண்ணான பெயர்கள்

கோல்ஃப் தடிகளின் கதையில் நம் தறிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இன்று கடையில் 5 அயர்ன், 7 அயர்ன், 9 அயர்ன் என்று எண் சொல்லிக் கேட்கலாம். எண் கூடக்கூடத் தடியின் முகம் சாயும். பந்து உயரமாக எழும், தூரம் குறையும். ஆனால் 1930களுக்கு முன்பு எண்கள் இல்லை. மாஷி, நிப்லிக், கிளீக், ஸ்பூன், பிராஸி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. கொல்லரும் தச்சரும் கையால் செய்த காலம் அது. ஒருவர் செய்த மாஷி இன்னொருவர் செய்ததுபோல் இருக்காது. தொழிற்சாலையில் எஃகுத் தண்டு வைத்து வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியதும் பெயர்கள் உதிர்ந்து எண்கள் வந்தன. 1930களின் இறுதியில் ஒருவர் 14 தடிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியும் வந்தது. நிப்லிக் இன்று பழைய நாவல்களில்தான் கிடைக்கும்.

பந்துக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. முதலில் தோல் உறைக்குள் வாத்து இறகை அமுக்கித் தைத்த பந்து. மழையில் நனைந்தால் தீர்ந்தது. 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா வந்தது. மலாய்க் காட்டு மரத்தின் பால். பெயரும் மலாய் மொழிப் பெயர்தான். 1898இல் ரப்பர் நூலைச் சுற்றிய பந்து. இறகுப் பந்தின் விலையைக் கொடுக்க முடியாத எளிய மக்களும் கட்டாபெர்ச்சா வந்த பிறகு ஆட முடிந்தது. சொல்லும் அவர்களோடு பரவியது.

இந்தியாவுக்கும் இந்த அகராதியில் பங்குண்டு. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா. ஆட்டக்காரர்களை ஏலம் விட்டுப் பந்தயம் கட்டும் முறைக்கு அமெரிக்கக் கிளப்புகளில் "கல்கத்தா" என்றே பெயர். அந்த நகரின் குதிரைப் பந்தய லாட்டரி தந்த பெயர் அது. தெற்கே 1876இல் பெங்களூர், 1895இல் கொடைக்கானல், இலங்கையில் 1889இல் நுவரெலியா என்று குளிர் தேடிய வெள்ளையர் போன இடமெல்லாம் குழி வெட்டினார்கள். கொழும்பு ராயல் கிளப் மைதானத்தின் நடுவே களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஓடுகிறது. ரயில் கடக்கும்வரை ஆட்டம் காத்திருக்கும்.

பை சுமந்தவர்கள்

இரண்டு சொற்களை இதுவரை ஒதுக்கி வைத்திருந்தேன். இரண்டும் மனிதர்களைப் பற்றியவை.

ஒன்று ஹேண்டிகேப். தொப்பிக்குள் கைவிடுதல் என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆடிய ஒரு பண்டமாற்று விளையாட்டு. பிறகு குதிரைப் பந்தயத்துக்குப் போய், வேகமான குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றுவதைக் குறித்தது. கோல்ஃபில், திறமை குறைந்தவருக்குக் கணக்கில் கழித்துத் தரப்படும் அடிகள். தொடக்கநிலை ஆட்டக்காரரும் கைதேர்ந்தவரும் சமமாக மோத வழி செய்வது. உடல் ஊனத்தைக் குறிக்க அதே சொல் பின்னால் பயன்பட்டது. இன்று மாற்றுத்திறனாளிகள் அதை விரும்புவதில்லை. மைதானத்துக்குள் அது சலுகை, வெளியே அது காயம். கோடித்துணியைப் போலத்தான்.

இன்னொன்று கேடி. மொழிபெயர்ப்பாளனின் பேனா சற்றே தயங்கும் இடம். தமிழில் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் உள்ள பேர்வழி. கோல்ஃபில் அது ஆட்டக்காரரின் பையைச் சுமந்து கூட நடப்பவர். பிரெஞ்சில் இளைய மகனைக் குறித்த காடெ என்ற சொல் ஸ்காட்லாந்துக்கு வந்து, எடின்பரோ தெருக்களில் எடுபிடி வேலைக்கு நிற்பவரின் பெயராகி, பிறகு மைதானத்துக்குள் நுழைந்தது. காற்று எந்தப் பக்கம், கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது, எந்தத் தடியை எடுக்கலாம் என்று சொல்வது நல்ல கேடியின் வேலை. டோக்கியோவில் அதிதியின் பையைச் சுமந்தது அவருடைய அம்மா.

பணக்காரர் விளையாட்டு என்று பெயர் வாங்கிய கோல்ஃபுக்கு இந்தியாவில் ஒரு மறுபக்கத்தைத் தந்தவர்கள் இந்தப் பை சுமந்தவர்களே. டெல்லி கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1993இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய முனியப்பா 2009இல் அதே பட்டத்தைக் கைப்பற்றினார். ராயல் கல்கத்தாவில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன் சௌரசியா 2016இலும் 2017இலும் வென்றார். இவர்களில் யாரும் அகராதியைப் புரட்டி பேர்டிக்குப் பொருள் பார்த்தவர்கள் அல்ல. பின்னால் நடந்தபடியே காதால் வாங்கிய சொற்கள் அவை. தறியடியில் உட்கார்ந்து பிள்ளைகள் பாவையும் ஊடையும் கற்றுக்கொண்டது போலவே.

எதை விடுவது, எதை மாற்றுவது

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவதே அன்றாட வேலையாகிப்போன எங்களைப் போன்றவர்களுக்குத் தீராத கேள்வி இது. பேர்டியைச் சிட்டு என்று எழுதலாமா? ஈகிளைக் கழுகு என்று எழுதினால் அழகு. ஆனால் "மூன்றாம் குழியில் கழுகு அடித்தார்" என்றால் வனத்துறைக்குப் புகார் போகும்.

என் கணக்கு எளியது. கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குத் தமிழ் உண்டு. குழி, மணற்குழி, புல்தரை, தடி இவற்றை மாற்றலாம். ஆட்டத்தின் கணக்கைக் குறிக்கும் பார், போகி, பேர்டி போன்றவற்றை அப்படியே விட்டுவிட்டு முதல் தடவை மட்டும் பொருள் சொன்னால் போதும். விக்கெட்டையும் ரன்னையும் தமிழன் அப்படித்தான் வாங்கிக்கொண்டான். விதி எழுதுபவர்களே சொற்களை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தண்ணீர்த் தடைகளைக் குறித்து வழங்கிய ஹசார்ட் என்ற சொல்லை 2019 விதிப் புத்தகம் கைவிட்டுப் பெனால்டி ஏரியா என்றது. தன் பந்துக்கும் குழிக்கும் நடுவே எதிராளியின் பந்து வழிமறிக்கும் ஸ்டைமி 1952இல் விதியிலிருந்தே நீக்கப்பட்டது. ஆனாலும் ஆங்கிலப் பேச்சில் முட்டுக்கட்டை என்ற பொருளில் அது பிழைத்துக்கிடக்கிறது. "ஊடும் பாவுமாக" என்று நாம் எழுதுவதும் அப்படித்தான். தறியையே பார்த்திராதவர்களும் எழுதுகிறார்கள்.

கவலை அங்கேதான். கோல்ஃப் சொற்களுக்குக் காவல் உண்டு. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் இருந்து விதிப் புத்தகம் வருகிறது. தொலைக்காட்சி வாரம் தவறாமல் உச்சரிக்கிறது. அகராதிகள் ஒவ்வொன்றுக்கும் பிறந்த ஆண்டைத் தேடி எழுதுகின்றன. நிப்லிக்கைப் போலச் செத்துப்போன சொல்லுக்குக்கூட அருங்காட்சியகத்தில் இடம் இருக்கிறது. பாலராமபுரத்துச் சொற்களுக்கு அந்த வசதி இல்லை. இவ்வூர்த் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கேரள அரசு 2017 முதல் பள்ளிச் சீருடைக்குக் கைத்தறித் துணி வாங்கும் திட்டத்தையும் நடத்திவருகிறது. துணியின் பெயரைச் சட்டம் காக்கும். துணி நெய்யும்போது வாயில் வரும் பெயர்களை எந்தச் சட்டமும் காக்காது. நாள் முழுக்கக் குழிக்குள் கால்விட்டு உட்காருபவரின் கூலி, வெளியே ஓட்டல் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவரின் கூலியை எட்டுவதில்லை. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். அது அவர்கள் உரிமை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு தறி நின்றால், பெயர்களின் ஒரு சிறு கூட்டமும் பேச்சிலிருந்து இறங்கிவிடுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் தொழிற்சொற்கள் ஏராளம். அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை ஒரு காலத்தில் திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருந்தவர். பின்னாளில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையிலும் பணியாற்றினார். பாலராமபுரம் வழியாகச் செல்லும் சாலை அவருக்குத் தெரிந்த சாலை. லெக்சிகன் ஓடத்தையும் பாவையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் எல்லையோரத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் தறிப்பேச்சை, தெருவுக்குத் தெரு உட்கார்ந்து கேட்டு எழுதுவது தனி வேலை. இரு மொழித் துறைகளும் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. தமிழ் எம்.ஏ. படிக்கும் மாணவரும் மலையாளம் எம்.ஏ. படிக்கும் மாணவரும் ஒரே பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பாலராமபுரம். தறிக்குழியின் விளிம்பில் உட்கார ஒரு பாய், ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் ஒலிப்பதிவுக் கருவி போதும். சொல்லித்தர வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.